என் அப்பா புனேயில் வரலாறு படித்த கதை

1

போன வாரம் ஒரு மத்தியானம், புனே ஹடப்சரில் எங்கள் வீட்டுக் கதவைக் கூரியர்காரர் ஒருவர் தட்டினார். கையில் ஓர் உறை.

"ஏகாம்பரம் சாஹேப் இருக்காரா?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்லை."

"எப்ப வருவார்?"

"வரமாட்டார். காலமாகிவிட்டார்."

மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பாவமாக இருந்தது. அதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி சுமதி, "ஏங்க, வேலைக்குப் போற மனுஷன்கிட்ட என்ன விளையாட்டு? கையெழுத்தைப் போட்டு வாங்குங்க, உங்களுக்குத்தான் வந்திருக்கு" என்றாள். வாங்கி, 'ஏகாம்பரம்' என்று கையெழுத்துப் போட்டேன். கூரியர்காரர் கையெழுத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். லிஃப்ட் வரும்வரை நிற்கவில்லை. படியில் இறங்கிப் போய்விட்டார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். என் அப்பா ஏகாம்பரம் ஆரணியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு ஐந்தாம் வகுப்பில் இருதரப்புச் சம்மதத்தோடு முறிந்தது. மராத்தியர்களின் நாட்டை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவர் காலமான மறுவருஷம்தான், தொண்ணூற்று மூன்றில், நான் புனே பக்கம் சாகணில் வேலை கிடைத்து இங்கே வந்தேன். ஆனாலும் புனேயில் ஒரு கல்லூரியின் பதிவேட்டில், 'இலக்கியம், அறிவியல் வழியே வரலாறு' என்ற ஓராண்டுப் பட்டயப் படிப்பை முதல் வகுப்பில் முடித்தவர் அவர்தான். உறைக்குள் இருந்தது பழைய மாணவர் கூட்டத்துக்கு அவருக்கு வந்த அழைப்பு.

2

எல்லாம் ஒரு பந்தயத்தில் ஆரம்பித்தது.

என் மகள் கயல்விழி அப்போது பதினோராம் வகுப்பை முடித்திருந்தாள். ஐந்து வயதில் புனேக்கு வந்தவள். பக்கத்து வீட்டாரோடு மராத்தி, தோழிகளோடு இந்தி, கோபம் வந்தால் இங்கிலீஷ். பசித்தால் மட்டும் தமிழ். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அப்பா, நான் ஹிஸ்டரி படிக்கப் போறேன். இன்ஜினியரிங் நஹி" என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் சிரித்தேன். பதறினால் சிரிப்பது என் சுபாவம். என் கல்யாணப் படங்களைப் பார்த்தால் தெரியும்.

"வரலாறு ஒரு படிப்பாம்மா? அது கதைப் புத்தகம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் படுத்துக்கிட்டே படிக்கலாம்."

"அப்ப படிச்சுக் காட்டுங்க."

"காட்டுவேன்டி."

"பந்தயமா? நீங்க பாஸ் பண்ணினா நான் இன்ஜினியரிங் ஜாயின் பண்றேன். பெயில் ஆனா ஹிஸ்டரி. அம்மா விட்னெஸ்."

சுமதி அப்பளத்தை நொறுக்கியபடி தலையாட்டினாள். அவள் அவ்வளவு வேகமாக எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வார இறுதியில் மட்டும் நடக்கும் வகுப்பு ஒன்றைக் கயலே கண்டுபிடித்துக் கொடுத்தாள். பழைய பாட்டு, கதை, கடிதம் என்று ஒரு பக்கம். மண், மரம், வானம் பற்றிய அறிவியல் இன்னொரு பக்கம். இரண்டையும் வைத்து நடந்தது என்ன என்று கண்டறிவது. முடிவில் ஒரு கட்டுரை, ஒரு வாய்மொழித் தேர்வு. ஓராண்டு. அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருவதற்குள் என் முடிவும் வந்துவிடும்.

சேர்க்கை நாளன்று எழுத்தர் என் விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"ஈ. முத்துக்குமாரசாமி. இதுல ஸர்நேம் எது?"

"எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, சார்."

"குடும்பம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப குடும்பப் பெயரும் இருக்கும். நீளமா இருக்கறது குடும்பப் பெயர். இந்த ஈ என்ன?"

"ஏகாம்பரம். அது அப்பா பெயர்."

"சரி. அப்பா பெயர் என்னன்னு தனியா ஒரு கட்டம் இருக்கு. அதுக்கு என்ன எழுத?"

"ஏகாம்பரம்தான்."

எழுதிவிட்டார். எனக்குப் பின்னால் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்ததால் வாதாட முடியவில்லை. அடையாள அட்டை வந்தபோது பார்த்தேன்: முத்துக்குமாரசாமி ஏகாம்பரம் ஏகாம்பரம். அதாவது முத்துக்குமாரசாமி என்ற வம்சத்தில் வந்த ஏகாம்பரம் என்பவர், தனக்குத் தானே மகனாகப் பிறந்து, நாற்பத்தாறாம் வயதில் மாணவராகியிருந்தார். என்னைக் காணவில்லை.

திருத்தச் சொல்லி மனுக் கொடுத்தேன். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, நோட்டரி கையெழுத்து, தினசரியில் விளம்பரம் என்று கேட்டார்கள். இருபது வயதில் போராடலாம். நாற்பத்தாறில் பெயரை மாற்றிக்கொண்டு போய்விடுவது சுலபம்.

3

படுத்துக்கொண்டு படிக்கலாம் என்றேன் அல்லவா? முதல் மாதத்திலேயே உட்கார்ந்து படித்தேன். மூன்றாம் மாதம் நின்றுகொண்டு படித்தேன், உட்கார்ந்தால் தூக்கம் வந்ததால். சாகண் தொழிற்சாலையில் என் வேலை பிரேக் டிரம்களைச் சோதிப்பது. அளவில் கொஞ்சம் பிசகினாலும் கருவி காட்டிக் கொடுத்துவிடும், தூக்கி எறிந்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். இங்கே அளக்கிற கருவியையே சந்தேகப்படு என்கிறார்கள்.

எங்கள் பேராசிரியை மெல்லிய குரலில் பயமுறுத்துபவர். "இலக்கியம் ஒரு சாட்சி, அறிவியல் ஒரு சாட்சி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே நாளைச் சொன்னால், அது நடந்தது. உங்கள் ஊரிலிருந்து ஒரு சாட்சியைக் கூட்டி வாருங்கள்" என்றார்.

எனக்குத் தெரிந்த சாட்சி ஆரணியில் இருக்கும் அத்தைதான். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"இன்னாடா முத்து, இந்த வயசுல பள்ளிக்கூடமாமே? டீச்சர் அடிக்கிறாங்களா?"

"அடிக்கலை அத்தே, பார்க்கிறாங்க. அதான் பயம். நீ ஒரு கும்மிப்பாட்டு பாடுவியே, காளை ஓடிப்போனது, அதைச் சொல்லு."

அத்தை மூச்சு வாங்கப் பாடினாள். நான் எழுதிக்கொண்டேன்.

விபவ வருஷமடி, ஆவணி நாலாம்நாள்,
வெய்யில் ஏறுமுன்னே விடிஞ்சபொழுது இருண்டதடி.
செவலைக்காளை கயிறறுத்துச் சேத்துவழி ஓடுச்சடி,
தேடிப்போன அத்தானும் திரும்பிவரக் காணமடி.

"அந்த அத்தான் அப்புறம் வந்தானா அத்தே?"

"மாடு வந்துச்சாம். அவன் இருட்டைச் சாக்கு வெச்சிக்கினு எங்கியோ பூட்டான்."

எனக்கு அந்தக் காளை போதும். பகலில் இருட்டு என்றால் சூரிய கிரகணம். விபவ வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். கல்லூரிக் கணினியில் பழைய கிரகணங்களின் பட்டியலைத் தேடினேன். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு, விபவ வருஷம், ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலையில் ஒரு பெரிய கிரகணம் தென்னிந்தியாவைக் கடந்திருக்கிறது. அதற்கு முந்தைய விபவ வருஷத்து ஆகஸ்டிலும், பிந்தையதன் ஆகஸ்டிலும் ஒன்றுமே இல்லை. அந்த அறுபத்தெட்டாம் வருஷக் கிரகணத்தைப் பார்க்கத்தான் வெள்ளைக்காரர்கள் குண்டூர்ப் பக்கம் தொலைநோக்கிக் குழாய்களோடு வந்து இறங்கி, சூரிய ஒளியில் அதுவரை யாரும் அறியாத ஒரு வாயுவின் மஞ்சள் நிறக் கோட்டைக் கண்டார்கள். அதே காலையில் ஆரணிப் பக்கம் எங்கள் காளை கயிறறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது!

தொழிற்சாலைப் பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

4

கட்டுரையை வகுப்பில் ஒத்திகை பார்த்த நாள் ஏப்ரல் ஒன்று, சனிக்கிழமை. தேதியைப் பார்த்தாவது நான் வீட்டில் இருந்திருக்கலாம்.

என் பேச்சு முடிந்ததும் வைஷாலி கையைத் தூக்கினார். யவத்மாள் பக்கத்துக்காரர், பள்ளி ஆசிரியை, கல்யாணமாகி புனேக்கு வந்தவர். வகுப்பில் எனக்கு மராத்திக் குறிப்புகளை விளக்குபவர், நல்ல மனுஷி. நல்ல மனிதர்கள்தான் கவிழ்ப்பார்கள்.

"ஏகாம்பரம் சார், உங்க ஆவணிங்கறது எங்க சிராவண் தானே?"

"அதேதான் மேடம். பெயர்தான் கொஞ்சம் வேற" என்றேன் பெருந்தன்மையோடு.

"அப்ப சிராவண் நாலாம் நாள் கிரகணம் எப்படி வரும்? மறுநாள் நாக பஞ்சமி. வானத்துல பிறை இருக்கும். சூரிய கிரகணம் அமாவாசைக்குத்தானே? அமாவாசை எப்பவும் மாசத்தோட கடைசி நாள். இந்தப் புதன்கிழமைகூட எங்கயோ ஆப்பிரிக்காவுல கிரகணம். மறுநாளே நமக்குப் பாட்வா, புது மாசம், புது வருஷம்."

மின்விசிறி என்னைப் பார்த்து இல்லை, இல்லை என்று தலையாட்டியது.

"ஏகாம்பரம்," என்றார் பேராசிரியை, "உங்கள் சாட்சி பொய் சொல்கிறதே. மாதக் கடைசியில் வர வேண்டியது நாலாம் தேதி எப்படி வந்தது? வாய்மொழித் தேர்வில் இதற்குப் பதில் இல்லையென்றால் இந்தக் கட்டுரையை நான் ஏற்க முடியாது."

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். கல்யாணப் படச் சிரிப்பு.

5

அடுத்த இரண்டு வாரம் நான் எடுத்த முயற்சிகளை வரலாறு மன்னிக்கட்டும்.

முதலில் காய்ச்சல் வரவழைக்கப் பார்த்தேன். வெய்யிலில் மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். உடம்பு நன்றாகிவிட்டது. பிறகு அத்தையைக் கூப்பிட்டேன்.

"அத்தே, நாலாம் நாள் இல்லாம, கடைசி நாள்னு பாட முடியாதா?"

"ஏன்டா, உன் பரீட்சைக்காக எங்க காளையை அமாவாசை வரைக்கும் கட்டிப் போட்டு வெக்கணுமா? அது ஓடின நாள்ல ஓடுச்சு."

கயலுக்குக் கொண்டாட்டம். அவள் பரீட்சைகள் முடிந்திருந்தன. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, நான் அவளுக்கு வழக்கமாகச் சொல்லும் வசனங்களை ஒவ்வொன்றாக எனக்கே திருப்பித் தந்தாள். "அப்பா, டிவி பாக்காதீங்க, பரீட்சை இருக்குல்ல? போன தடவையே சொன்னேன், டெய்லி படிக்கணும்னு. பெயில் ஆனாலும் பரவால்ல, திட்ட மாட்டேன்."

"உங்க அப்பாவுக்குத் தலைமுடி கொட்டுதுடி" என்றாள் சுமதி.

"படிக்கிற பசங்களுக்கு அப்படித்தான்மா."

ஒன்று மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் சமையலறையில் தொங்குவது மராத்தி நாள்காட்டி. பால்காரர் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த நாள், சங்கஷ்டி சதுர்த்தி, ஏகாதசி எல்லாம் அதில்தான். ஆரணியிலிருந்து வருஷா வருஷம் மச்சினன் அனுப்பும் தமிழ் தினசரிக் காலண்டர் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஜனவரி மூன்றாம் தேதியோடு நின்றுபோயிருந்தது. கிழிக்க யாருக்கும் நினைவில்லை. பதின்மூன்று வருஷத்தில் அமாவாசை என்றால் மாதக் கடைசி என்று எனக்கும் பழகிவிட்டது. எங்கள் ஊர்க் காளையை நான் புனே மாதத்தில் கட்டிப் போட்டிருந்தேன்.

6

ஏப்ரல் பதினாலு, சித்திரை முதல் நாள். இங்கே அன்றைக்கு எப்படியும் அரசு விடுமுறை என்பதால் எங்கள் புத்தாண்டுக்கு மகாராஷ்டிர அரசே லீவு விடுவதாகக் கயல் சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தாள். சுமதி மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவைத் தாராளமாகப் போட்டிருந்தாள். என் வாய் ஏற்கெனவே கசந்து கிடந்ததால் தெரியவில்லை.

கயல் வடையைக் கடித்தபடி கேட்டாள்: "அப்பா, ஒரு டவுட். பாட்வா சில வருஷம் மார்ச்ல வருது, சில வருஷம் ஏப்ரல்ல. தீபாவளி, கணபதி எல்லாம் இதர் உதர் மாறுது. நம்ம நியூ இயர் மட்டும் ஏன் ஹமேஷா சேம் டேட்? பொங்கலும் அப்படித்தான்."

"அது சூரியனை வெச்சுக் கணக்கு. சந்திரன் எங்க இருந்தாலும் நமக்குக் கவலை இல்லை. சூரியன் ராசி மாறினா மாசம் பொறந்துடும்" என்று பச்சடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். கரண்டி கையில்.

"சுமதி, ஆப்பிரிக்காவுல கிரகணம் வந்தது எப்போ?"

"ஏங்க, வடை ஆறுது."

"பாட்வாவுக்கு முதல்நாள். ரெண்டு வாரம் ஆச்சு. இன்னிக்கு நமக்குச் சித்திரை ஒண்ணு. அப்ப அந்தக் கிரகணம் வந்தப்ப நமக்கு என்ன மாசம்? பங்குனி! பங்குனிக் கடைசியா? இல்லை, பங்குனி பாதி! அவங்களுக்கு மாசக் கடைசி, நமக்கு மாசத்தோட நடு! நம்ம மாசத்துல அமாவாசை எந்தத் தேதியிலயும் வரும். நாலாம் தேதியும் வரும்!"

நான் கயலின் தலையில் முத்தம் கொடுத்தேன். வடையெண்ணெய் ஒட்டியது. அவள் என்னைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப நீங்க பாஸ். இல்ல?"

பந்தயம் அப்போதுதான் எங்கள் மூவருக்கும் ஞாபகம் வந்தது. கயல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். கணினியைப் போடும் சத்தம் கேட்டது.

"அப்பா, கட்டுரை எங்க சேவ் பண்ணிருக்கீங்க? ரெண்டு காலண்டரும் பக்கத்துல பக்கத்துல வர்ற மாதிரி நான் ஒரு சார்ட் போடறேன். சேத்துவழின்னா என்ன?"

"சேறு. சகதியான பாதை." வாசலில் நின்றேன். "கயலு, நீ தோத்துப் போயிடுவேடி."

"தெரியும்." திரும்பாமலே சொன்னாள். "பட் அந்தக் காளை பாவம்ப்பா. அது நிஜமா ஓடிச்சு. தப்புன்னு விட்டுட்டா அது ஓடவே இல்லைன்னு ஆயிடும்ல?"

கதைப் புத்தகம் என்று நான் சொன்ன படிப்பு யாருக்கு உரியது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பந்தயம் பந்தயம். சுமதி சாட்சி.

7

ஒரு நூலகத்தில் பழைய பஞ்சாங்கக் கணக்குகள் இருந்தன. நானும் கயலும் போய்ப் பார்த்தோம். அறுபத்தெட்டாம் வருஷம் ஆகஸ்ட் பதினெட்டு: ஆவணி நான்கு. விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் நூலகர் எங்களை வெளியே போகச் சொன்னார். என் வாழ்நாளில் ஒரு நூலகத்திலிருந்து துரத்தப்பட்டதைப் பெருமையாக நினைத்தது அன்றுதான்.

வாய்மொழித் தேர்வில் வகுப்பே உட்கார்ந்திருந்தது. கயலின் சார்ட்டை விரித்தேன். பேராசிரியை கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "உங்கள் ஊரில் முழுக்க இருட்டியதா?"

"இல்லை மேடம். முழுக் கிரகணம் குண்டூர்ப் பக்கம்தான். எங்கள் பக்கம் சூரியன் பெரும்பகுதிதான் மறைந்தது. பாட்டு கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது. ஆனால் நாளைச் சரியாகச் சொல்கிறது."

"அறிவியலுக்குக் காளை தெரியாது, பாட்டுக்குக் கணினி தெரியாது. இரண்டும் ஒரே நாளைச் சொல்கின்றன" என்றார் பேராசிரியை. அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வைஷாலி துள்ளி எழுந்தார். "ஒரு நிமிஷம்! அப்ப அந்த நாள் எங்களுக்குச் சிராவண் அமாவாசை. அன்னிக்கு எங்க ஊர்ல போளா பண்டிகை! காளையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பூரணபோளி ஊட்டி, வேலையே குடுக்க மாட்டோம். ஏகாம்பரம் சார், உங்க காளை பயந்து ஓடலை. லீவு கேட்டு எங்க ஊருக்குக் கிளம்பியிருக்கு!"

வகுப்பே மேசையைத் தட்டியது. அத்தைக்கு இதைச் சொன்னபோது, "அப்ப அந்த அத்தானும் அங்கதான் இருப்பான், தேடிப் பாரு" என்றாள்.

8

முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகத்தைத் தொங்கப்போடப் பழகினேன். பதற்றத்தில் சிரிக்கிறவனுக்குச் சந்தோஷத்தில் அழுமூஞ்சி வைப்பது கஷ்டம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "காய் ஜாலா, காகா?" என்று மராத்தியில் என்ன ஆச்சென விசாரித்தார்.

"என் பேர் இல்லைம்மா" என்றேன் வீட்டுக்குள் நுழைந்ததும்.

கயல் சோபாவிலிருந்து எழவில்லை. "நானும் பார்த்துட்டுத்தான் வந்தேன்ப்பா. முத்துக்குமாரசாமி ஏகாம்பரம் ஏகாம்பரம். ஃபர்ஸ்ட் கிளாஸ்." குரல் தேய்ந்தது. "இன்ஜினியரிங் ஃபார்ம் வாங்கிட்டு வந்திருக்கேன். டேபிள்ல இருக்கு."

"பாஸானவர் பேர் என்ன சொன்னே?"

"ஏகாம்பரம்."

"அப்பா பேர்?"

"ஏகாம்பரம்."

"உங்கிட்ட பந்தயம் கட்டினவன் பேர்?"

அவள் நிமிர்ந்தாள்.

"முத்துக்குமாரசாமி. அது அங்கே வெறும் குடும்பப் பேர்தான். பாஸானது உங்க தாத்தா. நான் பரீட்சையே எழுதலை. எழுதாதவன் பாஸாக முடியுமா? சாட்சியைக் கேளு."

சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அடையாள அட்டையை வாங்கி, நீதிபதி மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "மாமாதான்" என்றாள். "பந்தயத்துல இவரு தோத்துட்டாரு."

கயல் மேசையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "சீட்டர்" என்றாள். தமிழில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது. நான் திருத்தவில்லை.

சான்றிதழைச் சட்டம் போட்டு, எங்கள் வரவேற்பறையில் அப்பாவின் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள், "அப்பா அவ்வளவு படித்தவரா?" என்று கேட்பார்கள். முதல் வகுப்பு என்போம். கயல் அதே கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்து, இப்போது எம்.ஏ. சேர்ந்திருக்கிறாள். ஆரணிக்குப் போனால் அத்தை எதிரே உட்கார்ந்து, தப்பும் தவறுமான தமிழில் பாட்டு கேட்டு எழுதுகிறாள். இன்னும் அந்த அத்தானைத் தேடுகிறாளாம்.

போன வாரம் வந்த அழைப்பில், திரு. ஏகாம்பரம் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று போட்டிருந்தது. படித்ததும் என் வழக்கப்படி சிரித்தேன். கயல் உறையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"தாத்தாவுக்கு வந்தது. பேத்தி போறேன். உங்களுக்கு எதுக்கு டென்ஷன்?"

அதுவும் சரிதான். நான் அந்தக் கல்லூரியில் படித்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை.